பெண் குருவானவர் ஆகலாமா? ஒரு கேள்விக்குள் இருக்கும் மூன்று கேள்விகள்

"சர்ச்சில் பெண்களுக்குச் சம உரிமை உண்டா?" என்று கேட்டால் நம் ஊரில் ஆளுக்கொரு பதில் வரும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவர், "எங்களிடம் பெண் ஆயர்களே இருக்கிறார்கள்" என்பார். கத்தோலிக்கர், "சிஸ்டர் ஆகலாம், ஃபாதர் ஆக முடியாது" என்பார். பெந்தெகொஸ்தே சபைக்காரர், "எங்கள் பாஸ்டரம்மாவின் ஜெபத்துக்கு எவ்வளவு பேர் வருகிறார்கள் தெரியுமா?" என்பார். சொல்வது எல்லாமே உண்மைதான். ஆனால் ஒருவர் பட்டத்தைப் பற்றிப் பேசுகிறார், இன்னொருவர் ஊழியத்தைப் பற்றிப் பேசுகிறார். அதிகாரத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்த விவாதம் வருடக்கணக்காக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கிறிஸ்தவம் பற்றி அதிகம் தெரியாதவர்களுக்கும் புரியும்படி, அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## ஒரு பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்

ஒரு தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். மாலையானால் இருபது பிள்ளைகள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் படிக்கிறார்கள், நன்றாகத் தேறுகிறார்கள். அவர் ஆசிரியரா? வேலையைப் பார்த்தால் ஆம். ஆனால் பி.எட். முடித்துச் சான்றிதழ் வாங்கவில்லையென்றால் அவர் பள்ளியில் வகுப்பெடுக்க முடியாது, மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட முடியாது. சரி, சான்றிதழும் வாங்கி, வேலைக்கும் சேர்ந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த தலைமையாசிரியர் யார், புதிய கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கலாமா என்பதையெல்லாம் முடிவு செய்வது பள்ளி நிர்வாகக் குழு. அதில் அவருக்கு நாற்காலி இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

சபையிலும் இப்படியே வேலை, தகுதி, அதிகாரம் என்று மூன்று இருக்கின்றன. வேலைக்கு அங்கே ஊழியம் என்று பெயர். பிரசங்கம், ஜெபம், நோயாளிகளைச் சந்திப்பது, ஞாயிறு பள்ளி நடத்துவது எல்லாம் இதில் அடங்கும். தகுதிக்குப் பெயர் குருத்துவம். அதிகாரம் என்பது நிர்வாகம்: யார் வாக்களிக்கிறார்கள், யார் நியமிக்கிறார்கள், சொத்தும் பணமும் யார் கையெழுத்தில் நகர்கின்றன என்பது.

## குருத்துவம் என்றால் என்ன?

பழைமையான சபைகளில் ஒருவரைக் குருவாக்கப் பேராயர் அவர் தலைமேல் கை வைத்து ஜெபிக்கிறார். இந்தச் சடங்கில் கிடைக்கும் நிலைதான் குருத்துவம். கத்தோலிக்கர் இதைக் குருப்பட்டம் என்றும், சி.எஸ்.ஐ.யில் குருத்துவ அபிஷேகம் என்றும் சொல்வது வழக்கம். இதில் மூன்று படிகள் உண்டு. முதல் படி உதவிக் குரு. அடுத்தது குரு. கடைசி, பல சபைகளைச் சேர்த்து மேற்பார்க்கும் பேராயர், அதாவது பிஷப். (கத்தோலிக்கர் பிஷப்பை ஆயர் என்பார்கள், சி.எஸ்.ஐ.யில் ஆயர் என்றால் சபையை நடத்தும் குரு. குழப்பம் வராமலிருக்க இந்தக் கட்டுரை முழுவதும் குரு, பேராயர் என்றே எழுதுகிறேன்.)

இரண்டாம் படியில்தான் பெரிய மாற்றம் நிகழ்கிறது. அப்பத்தையும் திராட்சரசத்தையும் ஆசீர்வதித்துத் திருவிருந்து நடத்துவதற்கும், மனம் வருந்தியவருக்குப் பாவமன்னிப்பை அறிவிப்பதற்கும் குருவுக்கே அனுமதி. எவ்வளவு நன்றாகப் பிரசங்கிப்பவராக இருந்தாலும் குருத்துவம் இல்லாதவர் திருவிருந்து நடத்த முடியாது.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்குப் பாளையங்கோட்டையே சாட்சி. தஞ்சை மராத்திய பிராமணக் குடும்பத்தில் பிறந்த கிளாரிந்தா என்ற விதவை, 1778-இல் ஸ்வார்ட்ஸ் ஐயர் என்ற மிஷனரியிடம் ஞானஸ்நானம் பெற்றார். திருநெல்வேலிச் சீமையின் சபை வரலாற்றை இவரிடமிருந்துதான் தொடங்குவார்கள். விசுவாசிகளைச் சேர்த்தவர் இவர். 1785-இல் பாளையங்கோட்டையில் ஆலயம் எழும்பியது இவர் முயற்சியால். ஆனால் அதைப் பிரதிஷ்டை செய்ய ஸ்வார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூரிலிருந்து வரவேண்டியிருந்தது. சபை இருந்தது, தலைமை தாங்க ஒரு பெண்ணும் இருந்தார். குருத்துவம் மட்டும் வெகு தொலைவில் இருந்தது.

அதன் பிறகும் இதே கதைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரி ஆண்கள் நுழைய முடியாத வீடுகளுக்குள் போய் வாசிக்கக் கற்றுக்கொடுத்து, வேதம் சொன்னவர்கள் 'பைபிள் உமன்' என்று அழைக்கப்பட்ட நம் ஊர்ப் பெண்கள். டோனாவூரில் 1901 முதல் ஆதரவு தேவைப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பெரிய குடும்பத்தையே உருவாக்கி நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாருக்கும் குருத்துவம் இல்லை. "பெண்கள் இப்போதுதான் தலைமைக்கு வருகிறார்கள்" என்று பேசுபவர்களைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். வேலையில் அவர்கள் தொடக்கத்திலேயே இருந்தார்கள். பட்டமும் நாற்காலியும்தான் வந்து சேரவில்லை.

## பட்டம் முதலில் வந்த விதம்: ஃப்ளோரன்ஸ் லீ டிம்-ஓய்

இங்கிலாந்து சபையின் மரபில் வந்த உலக ஆங்கிலிக்கன் சபைகளில் முதல் பெண் குரு இங்கிலாந்தில் உருவாகவில்லை, சீனாவில் உருவானார். 1907-இல் ஹாங்காங்கில் பிறந்த ஃப்ளோரன்ஸ் லீ டிம்-ஓய், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போர்ச்சுகீசியரின் மக்காவ் நகரில் உதவிக் குருவாக இருந்தார். போர் தீண்டாத நகரம் என்பதால் அங்கே அகதிகள் குவிந்தார்கள். ஜப்பானியர் கைப்பற்றிய பகுதிகளைக் கடந்து எந்தக் குருவும் மக்காவுக்கு வர முடியவில்லை. சபை மக்களுக்குத் திருவிருந்து நின்றுபோனது.

ஹாங்காங் பேராயர் ஹால் முதலில் அவருக்குத் திருவிருந்து நடத்த மட்டும் அனுமதி கொடுத்தார். பிறகு, குருவின் வேலையைச் செய்பவருக்குக் குருத்துவத்தையே கொடுத்துவிடுவதுதான் முறை என்று முடிவெடுத்தார். 1944 ஜனவரி 25 அன்று சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் அவர் தலைமேல் கை வைத்தார். பெண்ணுரிமைக்காகச் செய்த காரியம் அல்ல இது. திருவிருந்து இல்லாமல் தவித்த சபைக்காகச் செய்தது.

போர் முடிந்தது. செய்தி வெளியே தெரிந்ததும் எதிர்ப்புக் கிளம்பியது. தன் பேராயருக்குச் சங்கடம் வரக்கூடாது என்று 1946-இல் அவர் குருவாகப் பணியாற்றும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். குருத்துவத்தைத் துறக்கவில்லை, உரிமத்தை மட்டுமே விட்டார். பின்னர் சீனாவில் ஆலயங்கள் மூடப்பட்ட காலத்தில் பண்ணையிலும் தொழிற்சாலையிலும் உழைத்தார். 1971-இல்தான் ஹாங்காங் சபை முறைப்படி இரண்டு பெண்களைக் குருவாக்கியது. முதுமையில் கனடா சென்ற லீ டிம்-ஓய் மீண்டும் குருவாகப் பணி செய்தார். 1992 பிப்ரவரியில் இறந்தார்.

ஓர் இடைச் சுருக்கம்: ஊழியம் செய்யக் குருத்துவம் வேண்டியதில்லை, திருவிருந்துக்கு வேண்டும். குருத்துவத்தைக் கொடுப்பவர் பேராயர். ஆனால் ஒரு பேராயர் கொடுத்தால் மட்டும் போதாது, அவருடைய சபை அமைப்பு அதை ஏற்க வேண்டும். லீ டிம்-ஓய் வாழ்க்கை இதற்குச் சாட்சி.

## வேதம் என்ன சொல்கிறது என்பதில் சண்டை எங்கே?

எதிர்ப்பவர்கள் காட்டும் முக்கிய வசனங்கள் இரண்டு. ஒன்று, உபதேசம் பண்ணவும் புருஷன்மேல் அதிகாரம் செலுத்தவும் பெண்ணுக்கு, தொடக்ககாலச் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய பவுல் இடங்கொடுக்காத 1 தீமோத்தேயு 2:12. இன்னொன்று, சபையில் பெண்கள் பேசாமலிருக்கச் சொல்லும் 1 கொரிந்தியர் 14:34. ஆதரிப்பவர்கள் அதே பவுலின் மற்ற வரிகளைக் காட்டுவார்கள். 1 கொரிந்தியர் 11-இல் பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் இயல்பாக எடுத்துக்கொண்டு, அப்போது தலையை மூடுவது பற்றித்தான் பேசுகிறார். ரோமர் 16-இல் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாளைப் பாராட்டி அறிமுகம் செய்கிறார். கலாத்தியர் 3:28-இல் கிறிஸ்துவுக்குள் ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை என்கிறார்.

இரு தரப்பும் ஒரே வேதத்தைத்தான் வாசிக்கின்றன. அந்தத் தடை எல்லாக் காலத்துக்குமான கட்டளையா, எபேசுவிலும் கொரிந்துவிலும் அன்று எழுந்த பிரச்சினைக்கான அறிவுரையா என்பதில்தான் பிரிகிறார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையின் வாதம் இதிலிருந்து வேறுபட்டது. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பெண்களுக்குத் திறமை போதாது என்று அது சொல்லவில்லை. இயேசு பன்னிரண்டு ஆண்களைத்தான் அப்போஸ்தலராகத் தேர்ந்தெடுத்தார், திருச்சபை அந்த மரபையே காத்து வந்திருக்கிறது, அதை மாற்றத் தனக்கு அதிகாரமே இல்லை என்பதுதான் 1994-இல் திருத்தந்தை (போப்) இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட கடிதத்தின் சாரம். திருச்சபைச் சட்டத்தின் 1024-ஆம் பிரிவும், ஞானஸ்நானம் பெற்ற ஆண் மட்டுமே குருப்பட்டம் பெற முடியும் என்கிறது. எனக்கு இந்த வாதம் நிறைவு தரவில்லை. இயேசு உயிர்த்தெழுந்த செய்தியைச் சீடர்களிடம் முதலில் கொண்டுபோகும்படி அனுப்பப்பட்டவர் மகதலேனா மரியாள். "அனுப்பப்பட்டவர்" என்பதுதானே அப்போஸ்தலர்! ஆனாலும் எதிர்க்கப்போகும் வாதத்தை முதலில் அது இருக்கிறபடியே புரிந்துகொள்வதுதான் நேர்மை.

## முடிவெடுப்பது யார்?

பிரசங்கங்களில் காதில் விழாத பகுதி இது. பெண்களின் இடத்தைத் தீர்மானிப்பதில் வசனத்துக்கு இருக்கும் பங்கு, சபையின் அமைப்புச் சட்டத்துக்கும் உண்டு.

சில மரபுகளில் ஒவ்வொரு சபையும் தன் போதகரைத் தானே தேர்ந்தெடுக்கும். பாப்டிஸ்ட் சபைகள் அப்படி. ஆனாலும் கூட்டமைப்பு கையைக் கட்டிக்கொண்டிருக்கும் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவின் தெற்கத்திய பாப்டிஸ்ட் கூட்டமைப்பு, பெண்களைப் போதகராக வைத்திருந்ததற்காக சாடில்பேக் என்ற பெரிய சபையை 2023-இல் வெளியேற்றியது. கத்தோலிக்கத்தில் முடிவு ரோமில் எடுக்கப்படுகிறது. ஆங்கிலிக்கன், சி.எஸ்.ஐ. போன்றவற்றில் சினாட் என்ற மன்றம் உண்டு. பேராயர்களும் குருக்களும், திருச்சபை மக்கள் எனப்படும் குருத்துவம் இல்லாத பிரதிநிதிகளும் சேர்ந்து வாக்களிக்கும் சட்டசபை போன்றது அது.

இங்கிலாந்து சபையின் சினாட்டைப் பாருங்கள். பேராயர், குரு, மக்கள் என்று அதில் மூன்று அவைகள். இத்தகைய பெரிய மாற்றத்துக்கு ஒவ்வொரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 1992 நவம்பர் 11 அன்று பெண்களைக் குருவாக்கும் தீர்மானம் வந்தபோது மக்கள் அவையில் ஆதரவு 169, எதிர்ப்பு 82. இரண்டே இரண்டு வாக்கு மாறியிருந்தால் தீர்மானம் விழுந்திருக்கும். 1994 மார்ச் 12 அன்று பிரிஸ்டல் பேராலயத்தில் 32 பெண்கள் குருவானார்கள்.

பேராயராகலாமா என்பதற்குத் தனியாக ஒரு சட்டம் வேண்டியிருந்தது. 2012-இல் அது வாக்கெடுப்புக்கு வந்தது. பேராயர்கள் பெரும்பான்மையாக ஏற்றார்கள், குருக்களும் ஏற்றார்கள். மக்கள் அவையில் ஆதரவு 132, எதிர்ப்பு 74. ஆறு வாக்கு குறைந்ததால் மொத்தத் தீர்மானமும் தோற்றது. "பழைமைவாத பிஷப்புகள்தான் பெண்களைத் தடுக்கிறார்கள்" என்ற பொதுவான நம்பிக்கையை இந்த எண்கள் பொய்யாக்குகின்றன. அன்று தடுத்தது சாதாரண விசுவாசிகளின் பிரதிநிதிகள். எதிர்த்து வாக்களித்தவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

2014-இல் அது மறுபடியும் வந்து நிறைவேறியது. 2015 ஜனவரியில் லிபி லேன் முதல் பெண் பேராயரானார். ஒரு காலத்தில் இங்கிலாந்தின் தலைமைச் செவிலியர் அதிகாரியாக இருந்த சாரா முல்லலி, 2018-இல் லண்டன் பேராயரானார். 2025 அக்டோபரில், இங்கிலாந்து சபையின் மிக உயர்ந்த குருத்துவப் பதவியான கான்டர்பரி தலைமைப் பேராயர் பதவிக்கு அறிவிக்கப்பட்டார். அந்தப் பதவிக்கு ஒரு பெண் வருவது இதுவே முதல் முறை.

இதற்குப் பிறகும் ஒரு கதவு மூடியே இருக்கிறது. பெண்களின் குருத்துவத்தை மனச்சாட்சிப்படி ஏற்க முடியாத சபைகள், தங்களுக்கு ஆண் குருவும் ஆண் பேராயரின் மேற்பார்வையும் வேண்டும் என்று கேட்க, பேராயர்கள் அவையின் அறிவிப்பிலேயே இடம் உண்டு. அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் தீர்மானமே நிறைவேறியிருக்காது. அதன் சுமை பெண் குருக்களின் தோளில்தான் இறங்குகிறது.

## நம் பக்கத்துச் சான்று: சி.எஸ்.ஐ.

ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரகேஷனல், பிரஸ்பிட்டேரியன் மரபுகள் ஒன்று சேர்ந்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அங்கே 1980களிலேயே பெண்கள் குருவாகிவிட்டார்கள். இங்கிலாந்து சபைக்குப் பத்தாண்டு முந்தியது இது. நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

1984-இல் குருவான புஷ்பா லலிதா, 2013-இல் ஆந்திரத்தின் நந்தியால் திருமண்டலத்துக்கு (ஒரு பேராயரின் மேற்பார்வையில் இருக்கும் பகுதி) பேராயரானார். சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயர் அவரே. இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். சட்டம் தடுக்கவில்லை. பிறகு ஏன் இவ்வளவு காலம்?

பாதையைப் பார்த்தால் விளங்கும். ஒரு பெண் இறையியல் கல்லூரியில் பி.டி. என்ற இறையியல் பட்டம் முடித்தால் மட்டும் குருவாகிவிட முடியாது. ஒரு திருமண்டலம் அவரைத் தன் ஊழியராக ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றபின் எந்தச் சேகரத்துக்கு (ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் சபைகள்) அனுப்புவது என்பது பேராயரும் நிர்வாகமும் எடுக்கும் முடிவு. பெரிய நகரச் சேகரமா, கிராமத்துச் சிறு சபைகளா, அல்லது விடுதி, பள்ளி என்று ஒதுக்கிவைக்கும் பொறுப்பா என்பதைப் பொறுத்துத்தான் பின்னாளில் அவர் பெயர் வெளியே தெரியும். பேராயர் பதவி காலியாகும்போது திருமண்டல மன்றம் வாக்களித்துச் சில பெயர்களை அனுப்பும். அதிலிருந்து சினாட் தரப்பு ஒருவரைத் தெரிந்தெடுக்கும். அந்த மன்றத்தில் குருக்களோடு, சேகரங்களிலிருந்து தேர்தலில் வென்று வந்தவர்களும் வாக்களிக்கிறார்கள். திருமண்டலத் தேர்தலை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்: அணி, சாதி, பணம், வழக்கு எல்லாம் அதில் உண்டு. இரவு பதினொரு மணிக்கு யார் வீட்டில் கூடிப் பேசி பட்டியலை முடிவு செய்கிறார்களோ, அந்தக் கூட்டத்துக்கு ஒரு பெண் குருவை யாரும் அழைப்பதில்லை. குருத்துவத்தில் சமத்துவம் வந்துவிட்டது, வாக்குப் பெட்டிக்குப் பின்னால் வரவில்லை.

## தலைகீழான படம்: வத்திக்கான்

கத்தோலிக்கத்தில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. குருப்பட்டத்தின் கதவு மூடியே இருக்க, நிர்வாகத்தின் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2022-இல் வத்திக்கான் நிர்வாகச் சட்டத்தைத் திருத்தி, குருப்பட்டம் இல்லாதவர்களும் பெண்களும் அதன் துறைகளுக்குத் தலைமை ஏற்கலாம் என்றார். 2023 அக்டோபரில் நடந்த உலக ஆயர் மாமன்றத்தில் (பேராயர்களின் உலகக் கூட்டம்) பெண்கள் முதல்முறையாக வாக்களித்தார்கள். 2025 ஜனவரியில் அருட்சகோதரி சிமோனா பிரம்பில்லா, உலகெங்கும் உள்ள துறவற சபைகளைக் கவனிக்கும் துறைக்குத் தலைவரானார். சில வாரங்களில் அருட்சகோதரி ரஃபேல்லா பெத்ரினி வத்திக்கான் நகர அரசின் நிர்வாகத் தலைவரானார்.

அங்கேயும் எல்லை தெரிகிறது. பிரம்பில்லாவோடு சேர்த்து ஒரு கர்தினாலும் (திருத்தந்தைக்கு அடுத்த நிலையில் இருப்பவர்) அதே துறையில் இணைத் தலைவர் நிலையில் நியமிக்கப்பட்டார். திருத்தந்தையைத் தேர்ந்தெடுப்பது எண்பது வயதுக்குட்பட்ட கர்தினால்கள் மட்டுமே, கர்தினால்களோ குருப்பட்டம் பெற்ற ஆண்கள். 2025 மே மாதம் பதினான்காம் லியோவைத் தேர்ந்தெடுத்த அறையில் ஒரு பெண்ணின் வாக்குகூட விழவில்லை. குருப்பட்டத்தையும் அதிகாரத்தையும் எவ்வளவுதான் பிரித்தாலும் உச்சியில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால், சி.எஸ்.ஐ.யில் குருத்துவம் கிடைத்த பெண்ணுக்கு நிர்வாகம் எளிதில் கிடைப்பதில்லை. வத்திக்கானில் நிர்வாகம் கிடைத்த பெண்ணுக்குக் குருத்துவம் கிடையாது.

## பாஸ்டரம்மாவின் இடம்

இனி அந்தப் பெந்தெகொஸ்தே நண்பரின் பதிலுக்கு வருவோம். பெந்தெகொஸ்தே மரபு தொடக்கத்திலிருந்தே பெண்களின் பிரசங்கத்துக்கு இடம் கொடுத்தது. ஆவியானவர் யார்மீதும் இறங்கலாம் என்பது அதன் நம்பிக்கை. நம் ஊர்த் தனிச் சபைகளில் பாஸ்டரின் மனைவிதான் பல நேரங்களில் சபையின் பாதி. உபவாச ஜெபத்தை நடத்துவார், கணவன்–மனைவி தகராறில் இரவோடு இரவாகப் போய்ச் சமாதானம் பேசுவார், மேடையில் ஏறினால் கூட்டம் அழும்.

ஆனால் பெரும்பாலும் அந்த மரியாதை அவருக்குத் திருமணத்தின் வழியாக வருகிறது. அவரை யாரும் கை வைத்து அபிஷேகம் பண்ணியிருக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட பல சபைகள் அறக்கட்டளையாகப் பதிவு செய்யப்பட்டவை. பாஸ்டர் இறந்துபோனால் அடுத்து மேடையில் நிற்பவர் யார், ஆலய இடம் யார் பொறுப்பில் போகும் என்பதை அந்தப் பத்திரமே தீர்மானிக்கும். முப்பது வருடம் சபையைத் தூக்கிச் சுமந்த அம்மா, மகனோ மைத்துனரோ பொறுப்பேற்றதும் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கேட்கும் ஒருவராகிவிடலாம்.

ஆகவே உங்கள் சபையில் பெண்களின் இடம் என்ன என்று தெரிந்துகொள்ள விரும்பினால், மேடையில் யார் பேசுகிறார்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். திருவிருந்து மேசைக்குப் பின்னால் யார் நிற்கலாம் என்று கேளுங்கள். சேகரக் கமிட்டியிலும் திருமண்டல மன்றத்திலும் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தனிச் சபையாக இருந்தால், அறக்கட்டளைப் பத்திரத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்று விசாரியுங்கள். இவற்றைக் கேட்க இறையியல் படித்திருக்க வேண்டியதில்லை, உறுப்பினராக இருந்தால் போதும்.